நிருதராயனுக்காகப் பேசிய தெரு

ஆலடிப்புதூர் பீடிக் காலனி மூன்றாம் தெருவில் டிவிப் பெட்டிகள் அழ ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம் ஏழரை மணிக்கு ‘ஆழிமாநகரம்’ தொடரின் நானூறாவது பாகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றேகால் வருஷமாக நிருதராயனை நாசமாய்ப் போவான், கட்டையில் போவான் என்று ஒருநாள் விடாமல் வைது வந்த பகவதி, அன்று மட்டும் என்ன நினைத்தாளோ, மடியிலிருந்த பீடி இலைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு, "பாவம்ட்டி, அவனும் ஒரு தாய் வயித்துல பொறந்தவன்தான்" என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் திரையில் நிருதராயனின் இடது கண் கலங்கியது. கலங்கிய கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீர் கன்னத்தோடு நிற்காமல் கண்ணாடிக்கு வெளியே வழிந்து, பெட்டியின் அடிவிளிம்பில் திரண்டு, மேஜைமேல் விரித்திருந்த பூப்போட்ட துணியை நனைத்துவிட்டுத் தரையில் சொட்டியது. பகவதி முதலில் செய்த காரியம் ஓடிப்போய் ஒரு சட்டியை எடுத்துவந்து கீழே வைத்தது. தண்ணீர் எங்கே சொட்டினாலும் அதற்கடியில் ஒரு பாத்திரம் வைப்பது அந்தத் தெருப் பெண்களின் கைக்குப் பழகிப்போன வேலை.

நிருதராயன் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஆழிமாநகரத்துப் பெரிய ஏரியின் மதகைத் திறந்துவிட்டு, தாழ்வான இடத்திலிருந்த குருகுலத்தை நாற்பத்தொரு பிள்ளைகளோடு மூழ்கடித்துவிட்டு, குதிரையேறித் திரும்பிப் பார்க்காமல் போனவன் அவன். அது முதல் பாகத்தின் முதல் காட்சி. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதை நானூறாவது பாகத்தில்தான் காட்டினார்கள். சிறுவனாக இருந்தபோது காய்ச்சல் கண்ட தங்கையை முதுகில் சுமந்துகொண்டு அதே நகரத்தின் வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறான். கொள்ளைநோய் என்று சொல்லி அவர்கள் கதவைத் திறக்கவில்லை. தங்கை முதுகிலேயே குளிர்ந்துபோனாள். இதைப் பார்த்துவிட்டு மனசு இளகாவிட்டால் அவள் பகவதியே இல்லை.

கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, பெட்டியில் கோளாறு ஒன்றுமில்லை, தொடரில்தான் ஏதோ கசிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை பீடி சுற்ற உட்கார்ந்தபோது பெண்கள் இதைத்தான் பேசினார்கள், பேசப் பேச விஷயம் தெளிவாகிவிட்டது. நிருதராயனுக்கு ஆதரவாக யார் ஒரு வார்த்தை பேசினாலும் பேசியவர் வீட்டுப் பெட்டி அன்று சாயங்காலம் அழும், ஒரே காரணத்தை இரண்டாம் தடவை சொன்னால் அழாது. வைதால் சுத்தமாக வறண்டுவிடும். ஒரு வாரத்துக்குள் அறுபத்துமூன்று வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டிவி மேஜையைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி, முன்னால் குடம் வைக்க ஒரு மணைக்கட்டை போட்டுவிட்டார்கள். பஞ்சாயத்திலிருந்து ஒரு எழுத்தர் வந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்து, தன் நோட்டில் ‘நீராதாரம்: தொலைக்காட்சி, மாலை 7.30 முதல் 8 வரை, ஞாயிறு விடுமுறை’ என்று குறித்துக்கொண்டார். மூன்றாம் தெருவுக்கு வருவதாக இருந்த குழாய்த் திட்டம் அந்தக் குறிப்போடு முடிந்துபோனது. அரசாங்க வேலை சில சமயம் இப்படி வேகமாகவும் நடக்கும்.

அந்தத் தெருவுக்கு ஏன் அவ்வளவு தண்ணீர்க் கஷ்டம் என்று கேட்டால், அதற்குப் பதில் ஆவுடையம்மாளின் வீட்டில் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்புவரை தண்ணீர் லாரி தெருவுக்குள்ளேயே வரும். லாரியை ஓட்டியவன் ஆவுடையம்மாளின் ஒரே மகன் இசக்கிராஜா. ஒரு புதன்கிழமை காலையில் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தவன், குடத்தோடு நின்றிருந்த ஏழு வயதுப் பிள்ளையைப் பார்க்கவில்லை. நாலு வீடு தள்ளியிருந்த வள்ளிமயிலின் மகள் அவள். பார்க்காததைக்கூடத் தெரு ஒருநாள் பொறுத்திருக்கும். இறங்கிப் பார்த்தவன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனான். பிள்ளை பிழைக்கவில்லை. மூன்று நாள் கழித்துத் திருப்பூரில் வைத்துப் பிடித்தார்கள். அன்றிலிருந்து எந்த லாரிக்காரனும் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்புவதில்லை. நெடுஞ்சாலைக் குழாய்க்கு ஒரு மைல் நடந்துதான் குடிக்க, குளிக்க, பீடி இலை நனைக்க எல்லாவற்றுக்கும் சுமந்து வரவேண்டும்.

அன்றிலிருந்து ஆவுடையம்மாளோடு யாரும் உட்கார்ந்து பீடி சுற்றியதில்லை. அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சுற்றினாள், பீடிக் கடையில் கட்டுகளை ஒப்படைக்க வரிசையின் கடைசியில் நின்றாள், தன்னைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிரமம் வேண்டாம் என்று தானே முன்கூட்டித் தலையைக் குனிந்துகொண்டாள். மகனை நினைத்து அழவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாலு வீட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் அழுகைக்கு முன்னால் தன் அழுகைக்கு என்ன நியாயம் என்று நினைத்து விழுங்கி விழுங்கியே அவளுக்கு நெஞ்செரிச்சல் வந்துவிட்டது.

தெருவில் இதற்கிடையே காரணங்களுக்குப் பஞ்சம் வந்தது. அத்தனை வீட்டுக்கும் தினமும் வீட்டுக்கொரு புதுக் காரணம் வேண்டுமென்றால் எங்கே போவது? கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த சுடர்மதிதான் கைகொடுத்தாள். நிருதராயனைப் பற்றி விவாதிப்பதற்கென்றே போனில் ஆயிரக்கணக்கான பேர் கூடும் இடங்கள் இருந்தன. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவனை வளர்த்த சமூகம்தான் குற்றவாளி என்றார் ஒருவர். மதகைத் திறந்தபோது குருகுலத்தில் பிள்ளைகள் இருந்தது அவனுக்குத் தெரியாது, நூற்றுப்பன்னிரண்டாம் பாகத்தில் அவன் முகத்தைக் கவனித்துப் பாருங்கள் என்றார் இன்னொருவர். சுடர் காலையில் ஒவ்வொன்றாக வாசிக்க, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் சொன்னார்கள். தண்ணீரும் வந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பாக வந்தது. பாத்திரம் விளக்கலாம், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் இலை நனைத்துச் சுற்றிய பீடிகளைப் பிடித்த ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து காரணமில்லாமல் கண் கலங்குவதாகவும், ஒருவர் பன்னிரண்டு வருஷமாகப் பேசாத தம்பி வீட்டுக்கு நடந்தே போய்விட்டதாகவும் கடைக்காரர் புகார் சொன்னார்.

இரவல் காரணத்துக்கு உப்புத் தண்ணீர், சொந்தக் காரணத்துக்கு நல்ல தண்ணீர் என்று கண்டுபிடித்ததும் பகவதிதான். சாந்தமான பெண் என்று பெயரெடுத்த கடைசி வீட்டுக்காரி ஒருத்தி, "எங்க அக்கா, புருசன்கிட்ட அடி வாங்கிட்டு வந்து கதவத் தட்டுனப்போ, எம் புருசனுக்குப் பயந்து நானும் தெறக்கல. கதவச் சாத்துனவளுக்கு ஒண்ணுமில்ல, வெளிய நின்னவன்தான் கெட்டவனாயிட்டான்" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அன்று அவள் வீட்டில் இளநீர் போலத் தண்ணீர் இறங்கியது. அதன் பிறகு மூன்றாம் தெருவின் காலைகள் மாறிப்போயின. பெண்கள் இலையைத் தகடு வைத்து வெட்டிக்கொண்டே தங்கள் வாழ்க்கையில் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஒவ்வொன்றாக நிருதராயன் பேரில் எடுத்து வெளியே போட்டார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. ராயனைப் பற்றித்தானே பேச்சு.

ஆவுடையம்மாள் இதையெல்லாம் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அவளும் அந்தத் தொடரைப் பார்ப்பவள்தான். சத்தத்தைக் குறைத்து வைத்துத் தனியாகப் பார்ப்பாள். எல்லோரும் மதகைத் திறந்ததைப் பற்றியே பேசுகிறார்களே தவிர அவன் குதிரையில் திரும்பிப் பார்க்காமல் போனதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டது. ஒருநாள் சாயங்காலம் அவள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஓடிப்போயிட்டான், ஓடிப்போயிட்டான்னு சொல்லுதாவ. பயத்துல ஓடுறவனுக்குக் காலு மட்டுந்தான்யா ஓடும். மனசு அங்கனயேதான் கெடக்கும். அது எந்திரிச்சு அவன் பின்னால போய்ச் சேர எத்தன நாளாகுமோ, யாரு கண்டா."

நிருதராயன் அவளை நேராகப் பார்த்தான். இரண்டு கண்ணும் கலங்கின. தண்ணீர் சொட்டவில்லை, கொட்டியது. குடம் நிறைந்து, அண்டா நிறைந்து, சோற்றுப் பானையும் குளியல் வாளியும் நிறைந்து, நடையைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடியது. தெரு அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அது வந்த வழியே ஏறி வந்தது. ஏறி வந்தவர்கள் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் பகவதி தொண்டையைச் செருமினாள்.

"ஆவுட மைனி, ஒரு கொடம் பிடிச்சிக்கிடட்டா?"

மைனி என்று உறவு சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆவுடையம்மாள் கதவை அகலத் திறந்துவிட்டு, அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு தினமும் வந்தார்கள். நிருதராயன் தப்புக்கு அவன் அம்மையைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று அவள் ஒருநாள் பேசினாள். இன்னொரு நாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த நாற்பத்தொரு பேரும் அவன் கண்ணுக்கு வராமலா இருப்பார்கள் என்றாள். அவளுக்குக் காரணம் தீரவே இல்லை, அவள் வீட்டுத் தண்ணீர் ஒருநாளும் உப்புக் கரிக்கவில்லை. அவள் யாருக்காகப் பேசுகிறாள் என்று குடம் ஏந்தி நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். தெரிந்துதான் பிடித்தார்கள். பிடித்த கையோடு உட்கார்ந்து இரண்டு கட்டு பீடியும் சுற்றிவிட்டுப் போனார்கள். தெருவில் ஒரே ஒரு வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. வள்ளிமயில் அந்த வீட்டு வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைக் குழாய்க்குப் போய், இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தோடு திரும்பி வந்தாள். கட்டிட வேலைக்குக் கேரளாவுக்குப் போயிருந்த அவள் புருஷன் வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். மற்ற நாளெல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் தண்ணீர், அதற்கு இரண்டு குடம் போதும். அவள் வீட்டிலும் ஏழரை மணிக்கு டிவி ஓடும். அவள் ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை, அவள் பெட்டி ஒரு நாளும் அழுததில்லை.

பங்குனி பிறந்தபோது தொடர்க்காரர்கள் ஒரு அறிவிப்புப் போட்டார்கள். நிருதராயனை மன்னிக்கலாமா கூடாதா, ரசிகர்களே சொல்லுங்கள் என்று. போனில் பெரிய சண்டை நடந்தது. செத்த பிள்ளைகளுக்கு என்ன பதில் என்று கேட்டவர்களை, கலையைக் கலையாகப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று மற்றவர்கள் வாயை அடைத்தார்கள். சுடர்மதி வீடு வீடாகப் போய் எல்லோருடைய போனிலிருந்தும் வாக்கை அனுப்பினாள். வள்ளிமயில் வீட்டை மட்டும் விட்டுவிட்டு, அறுபத்திரண்டு வீடும் மன்னிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அடுத்த வாரமே கதாநாயகி தன் வாளைத் தாழ்த்தி அவனை மன்னித்தாள். அன்று தெருவில் எல்லோரும் அழுதார்கள், அம்மன் கோயில் மணியைக்கூட யாரோ அடித்தார்கள்.

ஆவுடையம்மாள் அன்று செய்த தப்பு, அந்தத் தெருவில் குடியிருந்துகொண்டு மகனுக்காகக் காத்திருக்கும் தாயைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. அறுபத்திரண்டு வீட்டு வாக்கையும் அவள் தன் மகனுக்கு விழுந்த வாக்காக எடுத்துக்கொண்டாள். மகன் அடுத்த வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து விடுதலையாகிறான். யாருக்கும் தன்னைத் தெரியாத ஊருக்குப் போய் ஒண்டிக்கொள்ளலாம் என்று அவன் எழுதியிருந்தான். அவள் சுடர்மதியிடம் பதில் எழுதச் சொன்னாள்: தெரு முன்ன மாதிரி இல்லை மக்கா, எல்லாரும் மனசு மாறிட்டாவ, நம்ம வீட்டுக்கே வா. எழுதிப் போட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

வியாழக்கிழமை காலையில் எட்டுப் பத்துப் பெண்கள் அவள் வீட்டில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகச் சொல்வதுபோல அவள் சொன்னாள்.

"நாளைக்கு நம்ம ராசா வாரான்."

இலை வெட்டிய கத்தரிகள் நின்றன. பகவதி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மடியைத் தட்டினாள்.

"இங்கனயா மைனி வாரான்?"

"வேற எங்கன போவான்?"

"இல்ல... வள்ளிமயிலு நாலு வீடு தள்ளி இருக்காள்ளா. கொஞ்ச நாள் வெளியூர்ல இருந்துட்டு வரட்டுமே."

"ராயனுக்கு நீதானட்டி மொதல்ல பாவம்னு சொன்ன."

"அது வேற மைனி."

"எப்பிடி வேற?"

பகவதி நல்லவள்தான், அதனால் முகம் சிவந்துபோய், "அவன் டிவியில இருக்கான்லா. இவன் நம்ம வாசல் வழியா நடக்கணும்லா" என்றாள்.

அப்போதுதான் வள்ளிமயில் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசலில் நின்றாள். தலைக்குடத்தை இறக்கினாள், இடுப்புக் குடத்தை இறக்கினாள், சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்தாள். அவள் சத்தம் போடவில்லை. கடையில் சாமான் கேட்பது போலக் கேட்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். நாப்பத்தொரு பிள்ளைகன்னு சொல்லுதிய. அதுல ஒரு பிள்ள பேராவது ஒங்க யாருக்காவது தெரியுமா?"

பகவதி வெட்டிய இலைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"நானும் மொத நாள்லேருந்து பாக்கேன். மூணாவது வரிசையில ரெட்டச் சடை போட்டு ஒரு பிள்ள இருக்கும். மதகு தெறக்கும்போது சிலேட்ட நெஞ்சோட பிடிச்சிக்கிடும். அது பேரச் சொல்லுவாவ, சொல்லுவாவன்னுதான் இத்தன நாளும் பாத்தேன். அவன் தங்கச்சி பேரு சொன்னாவ. குதிரைக்குக்கூட ஒரு பேரு வச்சிருக்காவ."

சுடர்மதி போனை எடுத்துத் தேடினாள். முதல் பாகத்தை ஓடவிட்டு, கடைசியில் எழுத்து ஓடுகிற இடத்துக்குத் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். அவள் முகம் மாறியது.

"மற்றும் பலர்னுதான் போட்டிருக்குக்கா."

வள்ளிமயில் தலையை ஆட்டினாள். குனிந்து குடங்களைத் தூக்கிக்கொண்டு போனாள். தூக்கிவிட ஒருத்தி கை நீட்டினாள், அவள் அதற்குள் நகர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அறுபத்திரண்டு வீட்டிலும் குடம் வைத்தார்கள். சொந்தக் காரணம் சொன்னார்கள், இரவல் காரணம் சொன்னார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். நிருதராயன் திரையில் மன்னிப்புப் பெற்ற முகத்தோடு யாரோ ஒரு ராஜகுமாரியிடம் பேசிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு வரவில்லை. ஆவுடையம்மாள் எதுவும் சொல்லவில்லை. அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் இத்தனை குடம் தண்ணீருக்கு வாய் ஓயாமல் பேசியவள், நாலு வீடு தள்ளி ஓடியாடிய அந்தப் பிள்ளையின் பெயரை இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள்கூடச் சொன்னதில்லை. ‘அந்தப் பிள்ளை’, ‘அந்தச் சம்பவம்’ என்றே நினைத்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் இசக்கிராஜா வந்து இறங்கினான். கையில் ஒரு துணிப்பை. போனபோது இருந்ததில் பாதிதான் இருந்தான். அம்மையைப் பார்த்துச் சிரிக்க முயன்று, முடியாமல், பையை மாற்றி மாற்றிப் பிடித்தான். இரண்டு பேரும் நடந்தார்கள். மூன்றாம் தெரு முனையில் வந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் மறிக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"எம்மா, வேண்டாம். திருப்பூருக்கே போயிருவோம். அங்க ஒரு பனியன் கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன். ஒனக்கும் எதாவது வேல கெடைக்கும். இப்பமே போயிருவோம்மா."

அவன் கண் பஸ் வந்த பக்கமே இருந்தது. ஆவுடையம்மாளுக்கு ஒரு நிமிஷம் அதுதான் சரி என்று பட்டது. அடுத்த பஸ் அரைமணியில் வரும். சுண்ணாம்பு அடித்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பகவதியிடம் கொடுத்துவிட்டால் தெருவும் மூச்சு விடும், மகனும் மூச்சு விடுவான். அவள் மகன் கையைப் பிடித்தாள். பிடித்து, பஸ் பக்கம் போகாமல், தெருவுக்குள் நடந்தாள். தன் வீட்டு வாசலில் அவன் ஒதுங்கப் பார்த்தபோதும் கையை விடவில்லை. இன்னும் நாலு வீடு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

வள்ளிமயில் உள்ளே இலை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஆவுடையம்மாள் கையைக் கூப்பப் போனாள், அது நாடகம் மாதிரி இருக்கும் என்று தோன்றி விட்டுவிட்டாள்.

"தர்ஷினி வீட்டுக்கு வந்திருக்கோம்" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் இசக்கிராஜா தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. வள்ளிமயில் எழுந்து வந்து நடையில் நின்றாள். தெரு முழுக்க மெல்ல மெல்ல அந்த வாசலுக்கு நகர்ந்து வந்திருந்தது. அவள் அவனை வைவாள், செருப்பை எடுப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அப்படிச் செய்திருந்தால் அவர்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும்னுதான் நாலு வருசமா உக்காந்திருக்கேன்" என்றாள். "கோர்ட்டுல கேக்க விடல. வக்கீலு அதுக்கும் கேசுக்கும் சம்பந்தம் இல்லேன்னுட்டாரு. நீ வண்டியிலேருந்து எறங்கிப் போய்க் குனிஞ்சு பாத்தேன்னு சொன்னாவ. பாத்தியா?"

"பாத்தேன்."

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"எம்பிள்ள எதாவது சொல்லிச்சா?"

ஆவுடையம்மாள் அவனைப் பார்த்தாள். இதை அவள் ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை. மாதாமாதம் சிறைக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபோதெல்லாம் சாப்பிட்டியா, தூங்கினியா என்றுதான் கேட்டிருக்கிறாள். யாருமே கேட்டதில்லை. எவ்வளவு வேகம், எத்தனை மணி, குடித்திருந்தாயா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"ராசாண்ணே, தண்ணின்னு கேட்டிச்சி."

"குடுத்தியா?"

அவன் இல்லை என்று தலையை அசைத்தான். "வண்டி நெறயத் தண்ணி இருந்துச்சுக்கா. கொழாயத் தெறந்தாப் போதும். நா ஓடிட்டேன்."

ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். நிருதராயனுக்காக அவள் சொன்ன காரணம் எத்தனை! பயந்தவன், சின்னவன், மனசு பின்னால் கிடப்பவன், தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுபவன். அவளுடைய காரணத்தில் அறுபத்திரண்டு வீடு சோறு பொங்கியிருக்கிறது. இப்போது தன் வயிற்றில் பிறந்தவனுக்காக ஒன்றே ஒன்று தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. மடியில் போட்டுக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வள்ளிமயில் அவன் பக்கம் குனிந்தாள். "எப்பிடிக் கேட்டா?"

"என்னக்கா?"

"அவ எப்பிடிக் கேட்டாளோ அப்பிடியே சொல்லு. அந்தக் கொரல்ல."

அவன் முதலில் சொன்னது அவன் குரலில் வந்தது. வள்ளிமயில் இல்லை என்று தலையாட்டினாள். இரண்டாம் தடவை சொல்லும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது வந்த குரல் அவனுடையதாக இல்லை. சாலையில் விளையாடிவிட்டு வந்து மூச்சு வாங்கிக் கேட்கிற ஏழு வயதுப் பிள்ளையின் குரல், ‘ராசாண்ணே’ என்பதைக் கொஞ்சம் இழுத்து, ‘தண்ணி’ என்பதைப் பாதியில் விட்டது. தெரு முழுக்க அதைக் கேட்டது. பகவதி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வள்ளிமயில் தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, அந்தக் குரல் காற்றில் கரைந்து போகும்வரை அசையாமல் நின்றாள்.

"அவதான். அப்பிடித்தான் இழுப்பா" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். "மன்னிப்பு கின்னிப்புன்னு எங்கிட்ட யாரும் வரப்படாது. எனக்கு அது வராது. நீயும் கேக்காத. ஆனா நீ திருப்பூருக்கும் போகப்படாது, எங்கயும் போகப்படாது. எம்பிள்ள கடைசியாப் பேசுனது ஒங்காதுலதான் கெடக்கு. அதத் தூக்கிக்கிட்டு நீ ஓடிறப்படாது, கேட்டியா. இங்கனயே இரி."

அதன் பிறகு மூன்றாம் தெருவில் எந்த டிவியும் அழவில்லை. ‘ஆழிமாநகரம்’ முடிந்து, அந்த நேரத்துக்கு வேறொரு தொடர் வந்தது, அதிலும் ஒரு கெட்டவன் இருந்தான், அவனைப் பற்றி யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பெண்கள் வள்ளிமயிலோடு சேர்ந்து நெடுஞ்சாலைக் குழாய்க்கு நடந்தார்கள். குழாய்த் திட்டத்தைத் திரும்பக் கேட்டு எழுதிய மனு எழுத்தரிடம் போயிருக்கிறது, அவர் நீராதாரம் வறண்டதற்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார்.

இசக்கிராஜா தெருவிலேயே இருக்கிறான். ஒரு செங்கல் சூளையில் வேலை. சாயங்காலம் ஏழரை மணிக்குக் கைகால் கழுவிவிட்டு நாலு வீடு நடந்துபோய் வள்ளிமயிலின் நடையில் உட்காருவான். சில நாள் அவள் கேட்பாள், அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். சில நாள் கேட்கமாட்டாள், அவள் எழுந்து உள்ளே போகும்வரை இருந்துவிட்டு வருவான். ஆவுடையம்மாள் தன் வீட்டில் டிவியைப் போடாமல், சோற்றை மூடி வைத்துக்கொண்டு, அந்தக் குரல் வருகிறதா என்று காதைக் கொடுத்தபடி இருப்பாள். மகன் களைத்துத் திரும்பிப் படியேறும்போது பெற்ற பாவத்துக்குக் கை தன்னால் செம்பை எடுத்துப் பானையில் முக்கும். முக்கிய செம்போடு, அதை அவனிடம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், அவள் தினமும் கொஞ்ச நேரம் நிற்பாள்.